ஸ்லிப் வராத காலை

முத்துமாரி இறந்த செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வந்தபோது அது செய்தி என்றே எனக்குத் தெரியவில்லை. மருந்து ஸ்டோர் வாசலில் இருக்கிற சின்னப் பிரிண்டரில் அன்று காலை ஸ்லிப் வரவில்லை, அவ்வளவுதான். எந்த அறைக்கு எவ்வளவு மருந்து என்று கம்ப்யூட்டர் அடித்துக் கொடுக்கும் அந்தத் துண்டுச் சீட்டு வந்தால்தான் எங்கள் ஆலையில் ஸ்டோரைத் திறப்போம். மருந்து என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பட்டாசுக்குள் போகிற வெடிக் கலவை. வேனில் வந்திறங்கிய பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். போர்மேன் கருப்பசாமி பிரிண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

சீசன் நேரம். வடக்கே போக வேண்டிய லோடுகள் வரிசையில் நிற்கின்றன. நான் முத்துமாரிக்குப் போன் போட்டேன். காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தேதான் போட்டேன். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அவரைக் கூப்பிடுவது எங்களுக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது. அவருடைய தம்பிதான் எடுத்தார். அக்கா கொஞ்சம் முன்னால்தான் இறந்துவிட்டாள் என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் கேட்டேன், புரிந்தும் கொண்டேன். ஆனால் என் வாய், "சரிப்பா, அக்காட்ட போனைக் குடு, இங்கன ஸ்லிப் வரலை" என்றது. நான் பேசியது என் காதிலேயே அப்புறம்தான் விழுந்தது.

இன்று அவருடைய முப்பதாம் நாளுக்குக் கூடியிருக்கிற நம்மில் பாதிப் பேருக்கு மேல் அவரோடு வேலை பார்த்தவர்கள். என்னை ஏதாவது எழுதிப் படிக்கச் சொன்னார்கள். நான் இந்தக் கம்பெனியின் மேனேஜர். ஆர்டர் எழுதுவதும் லாரிக்காரரோடு சண்டை போடுவதும்தான் என் தொழில். இரங்கல் எழுதிப் பழக்கமில்லை. அதோடு, இறந்தவரைப் பற்றி எழுதுகிறவருக்கு அவரைப் பற்றி ஏதாவது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த ஒரு மாதமாக எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. குழப்பத்தையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பில் அடிக்கும் வேலைக்குத்தான் அவர் எங்களிடம் சேர்ந்தார். போகப் போகக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தது. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கடைசி ஆள் வெளியே போனதும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவோம். இடி இடித்தாலும் அப்படியே, மெயினை இறக்கிவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு மின்சாரம் கூடச் சும்மா ஓடக் கூடாது. சர்வரும் அதோடு சேர்ந்து அணையும். மற்ற ஊர்களில் சர்வர் என்றால் வருடக்கணக்கில் அணையாமல் ஓடுமாம். எங்கள் சர்வர் தினமும் படுத்துத் தினமும் எந்திரிக்கும். ஆகவே யார் முதலில் எந்திரிக்க வேண்டும், யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் முத்துமாரியின் அன்றாடக் கவலையாக இருந்தது.

யார் என்று நான் எழுதியது மனிதர்களை அல்ல. அந்தச் சர்வருக்குள் பல புரோகிராம்கள் தனித்தனியாக ஓடுகின்றன. கணக்கெல்லாம் கிடக்கிற இடம் ஒன்று, வருகைப்பதிவு ஒன்று, ஸ்லிப் ஒன்று, பில் ஒன்று. சர்வீஸ் என்பார் அவற்றை. மெயினைத் தூக்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்து எழுந்தால் ஒன்றின் காலில் ஒன்று விழும் என்பார். எனக்கு இது விளங்கவே இல்லை. ஒன்றுக்கு அப்புறம் ஒன்று என்று எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதில் மண்டையை உடைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். நாரணாபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது அவர் பதில் சொன்னார்.

"சோத்துக்கு அப்புறம்தான் பாயசம் வரும் அண்ணாச்சி, அது வரிசை. பாயசம் வராமப் போனாலும் பந்தி நடக்கும். ஆனா இலை வரலைன்னா சோத்தை எங்கன போடுவீக? ஒண்ணுக்குப் பின்னாடி வர்றது வேற, ஒண்ணு இல்லாம வரவே மாட்டேங்கிறது வேற. இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா கம்பெனி ஓடாம நின்னு போகும்."

அன்றைக்குப் புரிந்தது மாதிரி இருந்தது. ஆபீசுக்கு வந்து சர்வரைப் பார்த்ததும் எது இலை எது பாயசம் என்று மறுபடியும் தெரியவில்லை.

ஒருமுறை நாங்களே கெடுத்தோம். முதலாளியின் மகன், சின்ன முதலாளி என்று நாம் சொல்கிறவர், ஆர்டர் பதிவாகாமல் ஸ்லிப் வரக் கூடாது என்றார். நான் என் பங்குக்கு, இருப்பு தெரியாமல் ஆர்டர் பதியக் கூடாது என்றேன். இருப்பைக் கூட்டிக் கழிக்க முந்தைய ஸ்லிப்புகள் வேண்டுமாம், அதற்கு ஸ்லிப் சர்வீஸ் எந்திரித்திருக்க வேண்டுமாம். முத்துமாரி வேண்டாம் வேண்டாம் என்றார், நாங்கள் கேட்கவில்லை. சொன்னபடி செய்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மெயினைத் தூக்கினால் எதுவுமே எந்திரிக்கவில்லை. அவர் வந்து ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. "மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, நீங்க மொதல்ல நீங்க மொதல்லன்னு நிக்கிறாக அண்ணாச்சி" என்றார். அன்று மத்தியானம் வரைக்கும் சின்ன முதலாளியும் நானும் கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அதற்கப்புறம் அவர் வேலையில் நான் தலையிடவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவ்வப்போது கேட்பேன். வருகைப்பதிவு எழுந்த பிறகும் ஸ்லிப் வரக் கொஞ்சம் சுணங்கும், அது ஏன் என்று. அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "ஆளு எந்திரிச்ச பெறகுதான் மருந்து எந்திரிக்கணும்." நானும் சரி, ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பழக்கம் அவரிடம் உண்டு. உங்களில் யாராவது அதில் மாட்டாமல் தப்பித்திருந்தால் ஆச்சரியம். புதிதாக யாரைப் பார்த்தாலும், "உங்க பேரு என்ன?" என்று கேட்டுவிடுவார். லோடு ஏற்ற வந்தவர், டீ கொண்டு வந்தவர், கேட்டில் நின்று வழி கேட்டவர், யாரானாலும் சரி. பெயரைக் கேட்டுவிட்டு முகத்தையும் ஒரு நிமிஷம் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆலங்குளத்திலிருந்து சுண்ணாம்பு மூட்டை கொண்டு வந்த லாரி டிரைவரிடம் பெயர் கேட்கப்போய், ஏதோ புகார் எழுதத்தான் கேட்கிறார் என்று அந்த டிரைவர் பயந்து மூட்டையை இறக்காமலே கிளம்பப் பார்த்தார். நான்தான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்தேன். உனக்கு எதுக்கும்மா ஊரான் பேரெல்லாம் என்று அன்று சத்தம் போட்டேன். "சும்மா தெரிஞ்சு வச்சுக்கிருவோமே" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அன்று ஆலைக்கு லீவு விட்டு எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனோம். வேனில் வந்த பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளை உயிர் போன நேரத்தில் மிஷினும் நின்றுவிட்டது, அதற்கும் தெரிந்திருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் ஆகாது. இரும்புக்கும் வயருக்கும் என்ன தெரியும் என்று ஒருவரை அதட்டக்கூடச் செய்தேன். ஆனால் மறுநாள் காலையிலும் மெயினைத் தூக்கினோம், வேன் வந்தது, ஆள்கள் வருகையைப் பதிந்தார்கள், ஸ்லிப் வரவில்லை. என் வாயை அடைத்துவிட்டது. உள்ளுக்குள்ளே கொஞ்சம் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தோம். நல்ல மனிதர். சர்வரை யாராவது தினம் அணைப்பார்களா என்று முதலில் திகைத்தார். பிறகு உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். முத்துமாரி அடுக்கி வைத்திருந்த வரிசையைப் பார்த்து, சுத்தமான வேலை என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் ஒரு போன் நம்பரைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார். முத்துமாரியின் நம்பர்.

விஷயம் இதுதான். காலையில் ஆள்கள் பதிந்து முடித்ததும், உள்ளே வந்திருப்பவர்களின் பெயர்கள் மொத்தமும் அந்தப் போனுக்கு மெசேஜாகப் போகும். அங்கிருந்து 'ஆம்' என்று பதில் வர வேண்டும். வந்தால்தான் ஸ்லிப் சர்வீஸ் எந்திரிக்கும். வராவிட்டால், எவ்வளவு நேரம் ஆனாலும் அது எழாது. பாயசம் இல்லை, இலை. இத்தனை வருடங்களாக எங்கள் ஆலை தினமும் காலையில் முத்துமாரி ஒரு வார்த்தை சொல்வதற்காகக் காத்திருந்து, சொன்ன பிறகு ஓட ஆரம்பித்திருக்கிறது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரே ஆளை நம்பி இப்படிக் கட்டக் கூடாது சார், இது தப்பு என்றார் மதுரைக்காரர். சின்ன முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. நம்மளைக் கைக்குள்ள வச்சிருந்திருக்காங்க என்றார். பதிலுக்குக் காத்திருக்கச் சொல்கிற அந்த வரியை எடுத்துவிடுங்கள், இப்போதே ஸ்லிப் வரட்டும் என்றார். மதுரைக்காரரும் கையைக் கீபோர்டில் வைத்துவிட்டார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மத்தியானம் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் எனக்கு ஏதாவது விளங்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று சின்ன முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டேன்.

என் அறையில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் கோபம்தான். தான் இல்லாவிட்டால் கம்பெனி நின்றுவிட வேண்டும் என்று நினைத்தாரா இந்தப் பெண்? அப்படிப்பட்டவர் இல்லையே. வேலை தெரியாமல் செய்த தவறா? சுத்தமான வேலை என்று வந்தவரே சொல்கிறார். சரி, ஏதோ சோதித்துப் பார்க்கப் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டாரா? மறந்திருந்தால் தினமும் பதில் யார் போட்டது? அவர் கல்யாண வீட்டில் பந்தியில் போனை எடுத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. இடி இடித்து அணைந்த சர்வர் மறுபடி எழும்போதெல்லாம் முற்றத்தில் போய் நின்று போனைப் பார்ப்பார், நான் கேலி செய்வேன். எல்லாவற்றுக்கும் இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. என்ன அர்த்தம் என்பதுதான் தெரியவில்லை.

அவருடைய தம்பிக்குப் போன் போட்டேன். இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் விடிந்ததும் போனைக் கேட்டு வாங்கி, எதையோ முழுக்கப் படித்துவிட்டு, யாரிடமோ பேசிவிட்டு, அதற்கப்புறம்தான் மாத்திரையையே போடுவாள் என்றார். கடைசி நாளுக்கு முந்தின நாள் கண் சரியாகத் தெரியாமல், தம்பியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "பூரா பேரு அண்ணாச்சி. பேரா வாசிச்சேன். வாசிச்சு முடிச்சதும் ஆம்னு போடுடான்னா" என்றார் தம்பி. யாரிடம் பேசினார் என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது, காலையில் ஆள்களைப் பார்த்து உள்ளே விடுகிறவர் போர்மேன்தான். கருப்பசாமியைக் கூப்பிட்டேன். அவர் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார். முத்துமாரி தினமும் காலையில் அவரிடம் பேசுவாராம். இரண்டு மூன்று பெயரைச் சொல்லி, வந்திருப்பது அந்தந்தப் பெயர்க்காரர்தானா என்று கேட்பாராம். ஸ்லிப் அதற்காகத்தான் காத்திருக்கிறது என்று அவருக்கும் தெரியாதாம்.

கேட்க வேண்டிய காரணம் எங்கள் தொழிலில் இருக்கிறது. விரல் ரேகை வைக்கும் மிஷினை ஆசையாக வாங்கி கேட்டில் மாட்டினோம். அலுமினியத் தூளிலும் மருந்திலும் கிடந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? பாதிப் பேருக்கு மிஷின் எடுக்கவில்லை. ஆகவே ஆளுக்கொரு எண் கொடுத்து, அதைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள் என்றோம். எண் யார் தட்டினாலும் எண்தான். வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்றால், இடம் போய்விடக் கூடாதே என்று மதினியோ தங்கையோ அந்த எண்ணில் வந்துவிடுவார்கள். வேலை தெரிந்தவர்கள்தான், ஆனாலும் இது கூடாது. நிறுத்தச் சொல்லி முத்துமாரி பலமுறை பேசிப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை.

"மாத்தி வர்றத நிறுத்த முடியலைன்னா, வந்தது யாருன்னாவது தெரியணும்னாக. உங்ககிட்ட சொன்னா ஆளை வெளிய அனுப்பிருவீகன்னு பயந்தாக" என்றார் கருப்பசாமி.

நான் அனுப்பியிருப்பேன். அதில் அவர் கணக்குத் தப்பவில்லை.

அப்போதுதான் பல வருடங்களுக்கு முன்னால் முத்துமாரி ஒரு வேன் பயணத்தில் சொன்னது என் நினைவுக்கு வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். பாவம் இந்தப் பிள்ளைக்கு இப்படி நடந்திருக்கிறதே என்று மனதில் ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தேன். அதற்கும் சர்வருக்கும் முடிச்சு இருக்கும் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. இப்போது இல்லாத ஏதோ ஒரு ஆலையில் விபத்து. கேட்டில் வைத்து இறந்தவர்களின் பெயர்களை வாசித்திருக்கிறார்கள். அதில் இவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் இருந்தது. அந்த வீட்டில் அழுகை. வழக்கம்போலத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருப்பதாக நினைத்த தன் அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள் என்று முத்துமாரி வீட்டில் சோறு பொங்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே இருந்தவர்களைத் தேற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் அன்று வெளியூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததும், தனக்குப் பதிலாக முத்துமாரியின் அம்மாவை அந்த ஆலைக்குப் போகச் சொல்லியிருந்ததும் யாருக்கும் தெரியாது.

"சாயங்காலம் பஸ்ஸை விட்டு அந்த அக்கா எறங்கி வந்தாக அண்ணாச்சி. செத்துட்டாகன்னு நெனைச்சவுக முழுசா வந்து நிக்கவும் எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். பெறகு ஒவ்வொருத்தரா என்னையத் திரும்பிப் பாத்தாக."

இதை அவர் சாதாரணக் குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் வேறு எதையோ பேசினேன்.

அந்த அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இறந்த வீட்டில் கூட நான் அழவில்லை. அழுது முடித்த பிறகும் எனக்குக் கோபம் போகவில்லை. சொல்லியிருக்கலாமே அம்மா? மேனேஜர் என்று ஒரு மடையன் உட்கார்ந்திருக்கிறானே, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி, உனக்கு ஒரு மாற்று ஆள் வைத்திருக்கலாமே? அத்தனை சர்வீசுக்கும் இது விழுந்தால் அது எழும் என்று மாற்று வைத்த நீ, உனக்கு வைக்கவில்லையே? நீ விழமாட்டாய் என்று நினைத்தாயா? இதற்குப் பதில் எனக்கு இன்று வரை தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மத்தியானம் சின்ன முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் சீசன் நேரத்தில் ஒரு மெசேஜுக்காக ஆலை நிற்பது சரிப்படாது என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு, மாற்றி வருவதையும் கண்டிப்பாக நிறுத்திவிடலாம் என்றார். நியாயமான பேச்சுத்தான். முத்துமாரி கேட்டே நிறுத்தாதவர்கள் நாளைக்கு நான் அதட்டினால் நிறுத்திவிடுவார்களா, இல்லை இன்னும் நன்றாக மறைப்பார்களா என்று கேட்டேன். "ஒரு நாள் நம்ம கேட்டுல நின்னு பேரு வாசிக்க வேண்டி வந்தா, நீங்க வாசிப்பீகளா?" என்றும் கேட்டேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு சர்வர் இருந்த இடத்துக்கு வந்தார். பிறகு மதுரைக்காரரிடம், வரி இருக்கட்டும், நம்பரை மட்டும் மாற்றுங்கள் என்றார். என் நம்பரையும் கருப்பசாமியின் நம்பரையும் போட்டார்கள். யாராவது ஒருவர் பதில் சொன்னால் போதும். முத்துமாரி விட்டுப்போன தவறு அந்த அளவில் சரியானது.

கிளம்பும்போது மதுரைக்காரர் இன்னொன்றும் சொன்னார். பதிலாக ஆம் என்றுதான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. ஓர் ஆளின் எண்ணைப் போட்டு அதன் பக்கத்தில் வேறொரு பெயரை அனுப்பினாலும் அது எடுத்துக்கொள்ளும், அன்றைக்கு அந்த எண் அந்தப் பெயராக மாறிவிடும் என்றார். இது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

மறுநாள் காலை என் போனுக்கு முதல் மெசேஜ் வந்தது. திறந்து பார்த்தேன். எண்ணும் பெயருமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தன. என் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஆலையில் கழித்திருக்கிறேன். போனஸ் சமயத்தில் இவர்கள் அத்தனை பேருக்கும் என் கையால்தான் இனிப்புப் பெட்டி கொடுப்பேன். ஆனால் அந்தப் பெயர்களில் எந்தப் பெயருக்கு எந்த முகம் என்று எனக்குத் தெரியவில்லை. கருப்பசாமியைக் கேட்டிருக்கலாம், அவர் சொல்லியிருப்பார். எனக்கு என்னவோ அவரைக் கேட்கப் பிடிக்கவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தேன். மேனேஜர் நேரில் வருவதைப் பார்த்ததும் பேச்செல்லாம் நின்றுவிட்டது.

ஒவ்வொரு பெயராக வாசித்தேன். சொல்லப்பட்டவர் கையைத் தூக்கினார், நான் முகத்தைப் பார்த்தேன். வாசித்துக்கொண்டே வந்து குருவம்மாள் என்றேன். ஒரு கை மெதுவாக எழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். எனக்குக் குருவம்மாளையும் தெரியாது, கை தூக்கிய பெண்ணையும் தெரியாது. ஆனால் இத்தனை பேர் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, நான் வெளியே அனுப்பப் போகிறேன் என்று நினைத்து நின்றாள். ஒரு வாரம் முன்னால் என்றால் அனுப்பியிருப்பேன். அனுப்புவதுதான் சரி என்று இப்போதும் ஒரு மனம் சொல்கிறது. எது இலை, எது பாயசம் என்பதில் நான் இன்னும் அந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முத்துமாரியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு கேள்வி. அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூட்டிய கேள்வி. என் வாயில் அது முதல் தடவை வந்ததால் கொஞ்சம் தடுமாறியது.

"உம் பேரு என்னம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ராஜாத்தி" என்றாள்.

குருவம்மாளின் எண்ணைப் போட்டு, பக்கத்தில் ராஜாத்தி என்று தட்டி அனுப்பினேன். மீதிப் பெயர்களையும் வாசித்து முடித்துவிட்டு ஆம் என்று போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸ்டோர் வாசலில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.